ஸ்கிராபிள் ஆங்கிலத் தேர்வு அல்ல

‘இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தால் ஸ்கிராபிளில் ஜெயித்துவிடலாம்.’ நம் வீடுகளில் இதைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. பிள்ளைக்கு ஆங்கிலம் வளரட்டும் என்றுதான் அந்தப் பெட்டியை வாங்குகிறோம். பிள்ளை தோற்றால், ‘கதைப் புத்தகம் படி, பெரிய பெரிய வார்த்தையாகக் கற்றுக்கொள்’ என்று புத்தி சொல்கிறோம். ஜெயித்தால் அது படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பாராட்டுகிறோம். ஆங்கிலம் பேசத் தயங்கும் சித்தியோ மாமாவோ, ‘இது எனக்கு வராது’ என்று தொடங்கும் முன்பே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களை வற்புறுத்தி உட்கார வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, கெடுதலும் செய்கிறது. ஆங்கிலம் தெரிந்தவரை அது வளரவிடாமல் வைத்திருக்கிறது. தெரியாதவரைப் பலகைக்கு அருகிலேயே வரவிடுவதில்லை. ஸ்கிராபிள் எண்ணிக்கையின் ஆட்டம், இடத்தின் ஆட்டம், கையில் எதை மிச்சம் வைக்கிறோம் என்பதன் ஆட்டம். சொற்கள் அதற்குக் கருவி. கருவி கட்டாயம் வேண்டும். ஆனால் எந்தக் கருவி முதலில் வேண்டும், அதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பொதுவான கருத்து முழுக்க வழி தவறிப் போகிறது.

அந்தக் கருத்தை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். அதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ஒன்று: யாருக்குச் சொல்வளம் அதிகமோ அவரே வெல்வார், ஆகவே முன்னேற வேண்டுமென்றால் நிறையப் படிக்க வேண்டும். இரண்டு: இருவருக்கும் சொல்வளம் சமமாக இருந்தால், மற்றதெல்லாம் பையிலிருந்து என்ன காய் வருகிறது என்ற அதிர்ஷ்டம். மூன்று: பொருள் தெரியாத இரண்டெழுத்துச் சொற்களைப் பட்டியல் பார்த்து மனப்பாடம் செய்து ஆடுவது மொழிக்கு மரியாதை இல்லாத குறுக்குவழி. மூன்றும் கேட்பதற்குச் சரியாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், யார் வென்றிருக்கிறார்கள்? 2015 ஜூலையில் பெல்ஜியத்தின் லூவெய்ன்-லா-நூவ் நகரில் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டி நடந்தது. பட்டத்தை வென்றவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் வாழ்பவர். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. போட்டிக்கு முன்பு சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சு ஸ்கிராபிள் அகராதியைப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும், அந்த மொழியிலேயே படித்து வளர்ந்தவர்களும் அவரிடம் தோற்றார்கள். 2018-இல் அந்தப் பட்டத்தை மறுபடியும் எடுத்தார். 2024-இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிய மொழி உலகப் பட்டத்தையும் வென்றார். அந்த மொழியையும் அவர் பேசுபவரல்ல. மொழி ஆற்றல்தான் இந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த வெற்றிகளில் ஒன்றுகூட நடந்திருக்க முடியாது.

‘அவர் ஒரு அதிசயப் பிறவி, அவரை வைத்து விதி எழுதக்கூடாது’ என்று சொல்வார்கள். சரி, அவரை விட்டுவிடுவோம். ஆங்கில உலகப் பட்டத்தை 2003-இல் வென்றவர் தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயாகோர்ன். 2009-இல் வென்றவர் அதே நாட்டின் பகோர்ன் நெமித்ரமான்சுக். ஆங்கிலம் அன்றாடப் பேச்சுமொழியாக இல்லாத நாடு அது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் பெருங்கூட்டமாக ஆடும் போட்டிகள் அங்கே உண்டு; பாங்காக்கில் நடக்கும் மன்னர் கோப்பைக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்கள் போகிறார்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆங்கிலப் பட்டத்தை வென்றவர் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரே. நைஜீரிய அணியினர் அப்போது பேசப்பட்டது நீண்ட சொற்களுக்காக அல்ல. நீண்ட சொல் கையில் இருக்கும்போதே அதை விட்டுவிட்டு நாலெழுத்து, ஐந்தெழுத்துச் சொல்லை வைத்து, நல்ல காய்களைக் காப்பாற்றி, எதிராளிக்கு இடம் கொடுக்காமல் ஆடும் முறைக்காகத்தான் அவர்கள் பேசப்பட்டார்கள்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளின் சாம்பியன்களையும் பாருங்கள். 2005-இல் வென்ற ஆடம் லோகன் கணித ஆய்வாளர். 2001-இல் வென்ற பிரையன் கப்பெலெட்டோ பங்குச்சந்தையில் ஆப்ஷன் வணிகம் செய்தவர். 1999-இல் வென்ற ஜோயல் வாப்னிக் இசைப் பேராசிரியர். இந்த ஆட்டத்தின் உச்சியில் நாவலாசிரியர்களும் இலக்கியப் பேராசிரியர்களும் கூட்டமாக நின்றதில்லை. எண்களோடும் வடிவங்களோடும் புழங்குகிறவர்களே திரும்பத் திரும்ப அங்கே வந்து சேர்கிறார்கள்.

இதற்கான காரணம் ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்திருந்த காலத்தில் இதை உருவாக்கினார். அவர் உட்கார்ந்து எண்ணியவர். நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழ்களின் பக்கங்களை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் காய்களின் எண்ணிக்கையையும் மதிப்பையும் வகுத்தார். ஈ எழுத்துக்கு 12 காய்கள். க்யூவுக்கும் இசட்டுக்கும் ஒவ்வொன்று, மதிப்பு 10. எஸ் எழுத்துக்கு வேண்டுமென்றே நான்கே காய்கள் வைத்தார். இல்லாவிட்டால் எல்லாரும் பன்மை சேர்த்துச் சேர்த்தே புள்ளி எடுத்துவிடுவார்கள். 1948-இல் ஜேம்ஸ் புரூனோ இந்த ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும் பட்ஸ் போட்ட அடிப்படைக் கணக்கு மாறவில்லை. எண்ணிக்கையில் பிறந்த ஆட்டத்தை எண்ணாமல் ஆடுகிறவர் அதன் பாதியைத்தான் ஆடுகிறார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பெட்டியில் மொத்தம் 100 காய்கள். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய இரண்டு வெற்றுக்காய்களைத் தள்ளினால் 98. அதில் உயிரெழுத்துகள் 42: ஏ 9, ஈ 12, ஐ 9, ஓ 8, யூ 4. மற்றவை 56. நாற்பத்திரண்டுக்கு ஐம்பத்தாறு என்றால் மூன்றுக்கு நான்கு. கையில் இருப்பதும் ஏழு காய்கள். மூன்று உயிர், நான்கு மெய் என்று கையை வைத்திருந்தால் பெட்டியின் இயல்போடு ஒத்துப் போகிறோம் என்று பொருள். ஐந்து உயிரெழுத்தோடு திண்டாடும்போது எந்தக் காய்களை முதலில் இறக்க வேண்டும் என்பது இந்த ஒரு விகிதத்திலிருந்தே தெரிந்துவிடும். இதற்கு எந்த நாவலும் படித்திருக்க வேண்டியதில்லை.

இனிப் பலகைக்கு வருவோம். ‘பியூட்டி’ என்ற ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லை ஒருவர் முதல் ஆட்டமாக வைக்கிறார் என்று கொள்வோம். காய்களின் மதிப்பு 11. நடுக் கட்டம் இரு மடங்கு. கடைசி எழுத்தான ஒய்யை இரட்டை எழுத்துக் கட்டத்தில் விழும்படி அமைத்தால் 15, அதன் இரு மடங்கு 30. அந்தச் சொல்லுக்கு அந்த இடத்தில் கிடைக்கக்கூடிய உச்சம் அதுதான். இப்போது வேறொரு நிலை. பலகையில் மூன்று மடங்கு எழுத்துக் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் ஓ, மேலே ஏ. எக்ஸ் என்ற ஒரே ஒரு காயை அங்கே வைக்கிறீர்கள். குறுக்கே ஒரு இரண்டெழுத்துச் சொல், நெடுக்கே ஒரு இரண்டெழுத்துச் சொல். எக்ஸின் மதிப்பு 8, மும்மடங்கு 24. அது இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே கணக்காகும். 25-உம் 25-உம் சேர்ந்து 50. ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்குபவருக்குக் கிடைக்கும் கூடுதல் பரிசும் இதே 50 தான். ஒரு காய், ஒரு கட்டம், அதைப் பார்க்கத் தெரிந்த கண். இவ்வளவுதான் தேவைப்பட்டது.

பெரிய சொல் மீதான மோகம் ஏன் பயனற்றது என்பதையும் பெட்டியே சொல்லிவிடுகிறது. ‘ஃபிலாசஃபி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பத்தெழுத்து. கையில் ஏழு காய்கள்தான் இருக்கும். ஆகவே மூன்று எழுத்துகளாவது சரியான வரிசையில், சரியான இடைவெளியில் ஏற்கெனவே பலகையில் கிடக்க வேண்டும். அதோடு அந்தச் சொல்லில் பி இரண்டு, எச் இரண்டு. பெட்டி முழுவதற்குமே பி இரண்டுதான், எச்சும் இரண்டுதான். நான்கும், அல்லது ஈடாக வெற்றுக்காய்கள், அந்த ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். வாழ்நாள் முழுக்க ஆடினாலும் வராத சந்தர்ப்பத்துக்காக ஒரு பிள்ளையைத் தயார் செய்வதைப் பயிற்சி என்று சொல்ல முடியுமா?

‘ஆனால் ரிச்சர்ட்ஸ் அகராதியைத்தானே மனப்பாடம் செய்தார்? அப்படியானால் சொல்தானே வென்றது?’ எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி இதுதான். இதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல் பதில்: அவர் சேர்த்த செல்வத்துக்கும் நாம் ‘சொல்வளம்’ என்று அழைப்பதற்கும் சம்பந்தமில்லை. நாம் சொல்வளம் என்றால் பொருள் அறிந்து, இடம் அறிந்து, நயம் அறிந்து பயன்படுத்தும் திறனைச் சொல்கிறோம். அவர் சேர்த்தது செல்லுபடியாகும் எழுத்துச் சேர்க்கைகளின் பட்டியல். அதை யாரும் சேர்க்கலாம். தாய்மொழி எதுவானாலும், படித்த பள்ளி எதுவானாலும், அந்தப் பட்டியலின் முன்னால் எல்லாரும் புதியவர்களே.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. பட்டியல் முழுக்கத் தெரிந்தாலும் அது மட்டும் போதாது. இதற்குச் சாட்சி கணினி. 1980களில் பிரையன் ஷெப்பர்ட் உருவாக்கிய மேவன் என்ற நிரலுக்கு அகராதி முழுதும் தெரியும். ஒரு சொல்கூட மறக்காது. ஆனால் எல்லாச் சொல்லும் தெரிந்து, ஒவ்வொரு முறையும் அதிகப் புள்ளி தரும் சொல்லையே வைக்கும் நிரல், நல்ல நிரலிடம் தோற்கும். மேவனுக்கு வலிமை தந்தது வேறு. இந்தச் சொல்லை வைத்தால் கையில் என்ன மிஞ்சும், அந்த மிச்சத்தோடு அடுத்து என்னென்ன வரலாம், எதிராளி எந்த இடத்தைப் பிடிப்பார் என்று ஆட்டத்தை முன்னோக்கித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் கணக்கு. 2006-இல் டொரோன்டோவில் 1995-இன் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸை வென்ற குவாக்கிள் நிரலும் இதே வழியில் நடப்பதுதான். அகராதி மட்டுமே ஆட்டமாக இருந்தால் அந்த நிரல்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

மிச்சம் என்று சொன்னதை விளக்கியாக வேண்டும்; நடுத்தர ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். இரண்டு வழிகள் உங்கள் முன் இருக்கின்றன. ஒரு சொல் 26 புள்ளி தரும். கையில் மிஞ்சுவது யூ, யூ, வி. இன்னொரு சொல் 19 தரும். மிஞ்சுவது ஈ, ஆர், எஸ். சொல்வளத்தையே நம்புகிறவர் 26-ஐ எடுப்பார், எடுத்ததில் பெருமையும் கொள்வார். அடுத்த முறை யூக்களோடு போராடி எட்டோ பத்தோ எடுப்பார். அதற்கடுத்த முறையும் அப்படியே. 19 எடுத்தவருக்குப் பையிலிருந்து எந்த நான்கு காய்கள் வந்தாலும் ஏழெழுத்துச் சொல் அமைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏழு புள்ளியை இன்று விட்டவர் ஐம்பதை நாளை வாங்குகிறார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எஸ் காயைச் சுமார் எட்டுப் புள்ளியாவது கூடக் கிடைக்காமல் செலவழிக்க மாட்டார்கள். வெற்றுக்காயை இறக்க அவர்கள் எதிர்பார்க்கும் கூடுதல் இருபத்தைந்து, முப்பது. அந்தக் காய்களின் முகத்தில் எழுதியிருக்கும் மதிப்பு ஒன்றும் பூஜ்யமும்தான். உண்மை மதிப்பு எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆடுகிறவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

காய் மாற்றுவதை நம்மவர்கள் அவமானமாக எண்ணுவதும் இதே தவறான கருத்தின் விளைவுதான். பையில் ஏழு காய்க்குக் குறையாமல் இருக்கும்வரை, ஒரு முறையை விட்டுக்கொடுத்து வேண்டாத காய்களை மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. ‘ஒரு சொல்கூடத் தெரியவில்லையா?’ என்று கேட்பார்களே என்று பயந்து, ஐ இரண்டு, யூ இரண்டு, வி, டபிள்யூ என்று வைத்துக்கொண்டு ஆறு புள்ளிக்கும் ஏழு புள்ளிக்கும் தவிப்பவர்களை எந்த மேசையிலும் பார்க்கலாம். அந்த இடத்தில் மாற்றுவதே சரியான ஆட்டம். சொல் தெரியாததால் மாற்றுகிறார் என்று பார்ப்பது ஆட்டத்தையே தலைகீழாகப் பார்ப்பது. அடுத்த மூன்று முறைகளைக் கணக்கிட்டவர்தான் இந்த முறையை விடுவார்.

அதிர்ஷ்டம் என்ற இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். அதிர்ஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. பட்ஸே திறமையும் வாய்ப்பும் கலந்த ஆட்டமாகத்தான் இதை எண்ணினார். இரண்டு வெற்றுக்காய்களும் நான்கு எஸ்ஸும் ஒருவர் கைக்கே போகிற ஆட்டங்கள் உண்டு; அந்த ஒரு ஆட்டத்தில் உலக சாம்பியனும் தோற்பார். ஆனால் ஒரு ஆட்டத்தின் உண்மையை முழு ஆட்டக்கலையின் உண்மையாக்கிவிடக்கூடாது. ரிச்சர்ட்ஸ் ஆங்கிலப் பட்டத்தை 2007, 2011, 2013, 2018, 2019 என்று ஐந்து முறை வென்றிருக்கிறார். அதில் முதல் பட்டம் நம் மும்பையில் கிடைத்தது; இறுதியில் அவரை எதிர்கொண்டவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு நாடுகளில், பல சுற்றுகள் ஓடும் போட்டிகளில் ஒரே மனிதரை ஐந்து முறை தேடி வருவதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க முடியாது.

அதிகப் புள்ளி எடுப்பதும் நன்றாக ஆடுவதும் ஒன்றென்று நினைப்பவர்களுக்கு 2006-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லெக்ஸிங்டன் நகரக் கழகத்தில் மைக்கேல் கிரெஸ்டா என்ற தச்சர் ஒரே ஆட்டத்தில் 830 புள்ளி எடுத்தார். அதில் ஒரே சொல்லுக்கு மட்டும் 365. வட அமெரிக்காவின் சாதனைப் பட்டியலைப் புரட்டிப்போட்ட ஆட்டம் அது. ஆனால் அன்று ஆடிய இருவருமே முதல் வரிசை ஆட்டக்காரர்கள் அல்லர். கழக அளவில் ஆடுபவர்கள். உச்ச நிலை ஆட்டக்காரர்கள் ஒருவர் வழியை ஒருவர் அடைத்துக்கொண்டே ஆடுவார்கள். அங்கே அப்படிப்பட்ட இடம் திறந்து கிடக்காது. போட்டியில் ஒரு புள்ளியில் வென்றாலும் அது ஒரு வெற்றிதான். முந்தியிருக்கும்போது பலகையை அடைக்க வேண்டும், பிந்தியிருக்கும்போது திறந்துவிட வேண்டும், மும்மடங்குச் சொல் கட்டத்துக்குப் போகும் பாதையில் எதிராளிக்கு வசதியான எழுத்தைப் போட்டுவைக்கக்கூடாது. இவையெல்லாம் சேர்ந்ததுதான் திறமை. அதிர்ஷ்டம் எந்தக் காயைத் தந்தாலும் அதை நிர்வகிக்கும் பொறுப்பு ஆடுகிறவருடையது.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அதிர்ஷ்டம் முற்றாக விலகிவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பை காலியானதும், நூறு காய்களில் பலகையில் கிடப்பதையும் என் கையில் இருப்பதையும் கழித்தால் வருவது எதிராளியின் கை. ஒரு காய்கூடத் தப்பாது. ரம்மி ஆடும்போது இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்து எதிராளியின் கையைச் சொல்லிவிடுகிறவர்களை நம் ஒவ்வொரு குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம்; இங்கே தேவைப்படுவதும் அதே புத்திதான். போட்டிகளில் இதற்காகவே அச்சிட்ட எழுத்துப் பட்டியல் தாளை வைத்து, விழுந்த காய்களை அடித்துக்கொண்டே ஆடுவார்கள். அது அனுமதிக்கப்பட்ட, எதிர்பார்க்கப்படும் ஒழுக்கம். எதிராளியின் கையில் க்யூ மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை இறக்க ஒரே ஒரு ஐதான் பலகையில் திறந்திருக்கிறது என்று தெரிந்தால், நாலு புள்ளிச் சொல்லை வைத்தாவது அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும். போட்டி விதிப்படி, எதிராளி கையில் மிஞ்சிய காய்களின் மதிப்பு இரு மடங்காக முதலில் முடித்தவருக்குச் சேரும். க்யூ ஒன்றுக்கே இருபது. நாலு புள்ளிச் சொல் இருபத்து நாலாகிவிட்டது. நெருக்கமான ஆட்டங்கள் இப்படித்தான் முடிவாகின்றன. எண்ணாதவர், ‘கடைசியில் காய் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்.

மூன்றாவது வாதத்தில் ஒரு அறச் சீற்றம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். மொழி என்பது பொருள். பொருள் தெரியாத சொல்லை வைத்துப் புள்ளி எடுப்பது மொழியை அவமதிப்பது என்கிறார்கள். மொழிமேல் பற்று உள்ளவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பொருளைச் சோதிக்கும் எந்த விதியும் இந்த ஆட்டத்தில் இல்லை. சொல் பட்டியலில் இருக்கிறதா இல்லையா, கேள்வி அவ்வளவுதான். பொருள் கேட்கத் தொடங்கினால், யாருடைய பேச்சு ‘நல்ல ஆங்கிலம்’ என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கும். அந்த நாற்காலியில் யார் போய் உட்காருவார் என்று நமக்குத் தெரியும். பட்டியல் இருப்பதால்தான் பாங்காக்கின் பள்ளி மாணவரும் லாகோஸின் இளைஞரும் லண்டன்காரரோடு சமமாக அமர முடிகிறது. குறுக்குவழி என்று இகழப்படும் அந்த மனப்பாடம்தான் இந்த ஆட்டத்தின் ஜனநாயகம். அதைப் பிடுங்கிவிட்டால், பிறப்பாலும் பள்ளியாலும் ஆங்கிலம் வாய்த்தவர்களின் பொழுதுபோக்காக இது சுருங்கிவிடும்.

இரண்டெழுத்துச் சொற்கள் வெறும் ஒட்டுவேலை என்பதும் தவறு. அவைதான் பலகையின் மூட்டுகள். ஒரு சொல்லுக்கு இணையாக, ஒட்டினாற்போல் இன்னொரு சொல்லைப் படுக்க வைக்க வேண்டுமென்றால், இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இரண்டெழுத்துச் சொல் உருவாக வேண்டும். அது தெரியாதவர் எப்போதும் சிலுவைபோலக் குறுக்கே மட்டும்தான் வைப்பார். தெரிந்தவருக்கு அதே காய்களுக்கு மூன்று நான்கு சொற்களின் புள்ளி சேரும். காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலின் 2019 பதிப்பில் இவை 127. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவருக்குக் கூட இவற்றில் பாதிக்கு மேல் புதிதாக இருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை சில வாரங்களில் படித்துவிடலாம். அந்தச் சில வாரங்களுக்குப் பிறகு அந்தப் பட்டதாரியை அந்தப் பிள்ளை வெல்லும்.

ஆகவே முன்னேற விரும்புகிறவர் செய்ய வேண்டியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்; மறுத்துவிட்டு வழி சொல்லாமல் போவது நியாயமல்ல.

முதலில் இரண்டெழுத்துச் சொற்கள். அடுத்து, மதிப்பு அதிகமுள்ள க்யூ, இசட், ஜே, எக்ஸ் ஆகியவற்றைச் சுமந்து செல்லும் மூன்றெழுத்துச் சொற்களும், யூ இல்லாமல் க்யூ வரும் சொற்களும். ‘ஃபகீர்’ என்று நமக்குத் தெரிந்த சொல்லைக்கூட க்யூ வைத்து எழுதும் வடிவம் பட்டியலில் இருக்கிறது. பிறகு, ஏற்கெனவே பலகையில் கிடக்கும் சொல்லின் முன்னாலோ பின்னாலோ ஒரே எழுத்தை ஒட்டி வேறு சொல்லாக்கும் இடங்கள். ‘ஹோஸ்ட்’ என்பதன் முன்னால் ஜி வைத்தால் ‘கோஸ்ட்’. இந்தக் கொக்கிகளைத் தேடும் கண்தான் பலகையை வாசிக்கிறது.

அதற்குப் பிறகுதான் நீண்ட சொற்கள். அதிலும் அருமையானவை வேண்டாம், அடிக்கடி கையில் அமையக்கூடியவை வேண்டும். ‘ரெட்டினா’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளும் பெட்டியில் தாராளமாக இருப்பவை. அவற்றோடு சி சேர்ந்தால் ‘சர்ட்டன்’. ஜி சேர்ந்தால் ‘கிரானைட்’. எம் சேர்ந்தால் ‘மினரெட்’. எஃப் சேர்ந்தால் ‘ஃபெயின்ட்டர்’. இன்னொரு ஆர் சேர்ந்தால் ‘டெரெய்ன்’, ‘ட்ரெய்னர்’. சேரும் எழுத்து பி என்றால் ‘பெயின்ட்டர்’, ‘பெர்ட்டெய்ன்’, ‘ரீபெயின்ட்’ என்று மூன்று. எதுவும் அரிய சொல் இல்லை. பள்ளிப் பாடத்தில் வருபவையே அதிகம். தெரிந்த சொல்லைக் கலைந்த எழுத்துகளுக்குள் கண்டுபிடிக்கும் பழக்கம்தான் தேவை. அந்தப் பழக்கத்தைப் பெற, எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி எழுதிவைத்து அதிலிருந்து சொல்லை எடுக்கப் பயிலுங்கள். ஏழு காய்களும் இறங்கும் 50 புள்ளிப் பரிசு இந்தப் பயிற்சியிலிருந்தே வரும்.

மிகவும் அவசியமானது ஆட்டம் முடிந்த பிறகு செய்யும் ஆய்வு. நம் வீடுகளில் புள்ளியைக் கூட்டி, யார் ஜெயித்தார் என்று சொல்லிவிட்டுப் பலகையைக் கவிழ்த்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் கையில் என்ன இருந்தது, என்ன வைத்தோம், என்ன மிஞ்சியது என்று குறித்து வைத்து, பிறகு குவாக்கிள் போன்ற இலவச நிரலில் போட்டுப் பார்க்கலாம். ‘இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை’ என்பதைவிட, ‘தெரிந்த இரண்டு சொற்களில் தவறானதைத் தேர்ந்தேன்’ என்ற இடங்களைத் தேடுங்கள். முன்னேற்றம் முதலில் கிடைப்பது அங்கேதான்.

இதையெல்லாம் சொல்வது ஒரு பெட்டி விளையாட்டுக்காக மட்டும் அல்ல. ஆங்கிலத்தை அறிவின் அளவுகோலாக வைத்துப் பழகிய சமூகம் இது. அந்த அளவுகோலை விளையாட்டுக்குள்ளும் கொண்டுவந்து, ஒரு பிள்ளைக்கு அதன் குறையைச் சொல்லிக்காட்டும் இன்னொரு மேசையாக ஸ்கிராபிளை ஆக்கிவிட்டோம். தமிழ் வழியில் படித்து, மனக்கணக்கில் கெட்டிக்காரியான பெண் ஒருத்தி ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று விலகி நிற்கும்போது, இந்த ஆட்டத்துக்கு மிகப் பொருத்தமான ஒருத்தியை நாம் இழக்கிறோம். ஆங்கிலத்தில் சரளமான இன்னொரு பிள்ளை, தான் தோற்பதற்குக் காரணம் காய்தான் என்று நம்பி, எண்ணக் கற்காமலேயே வளர்கிறது. இருவருக்கும் நாம் சொல்லித்தந்தது பொய்.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது எளிது. பெட்டியைத் திறக்கும்போது ஆங்கிலப் பாடம் என்று சொல்லாதீர்கள். கணக்கு விளையாட்டு என்று சொல்லுங்கள். இரண்டெழுத்துப் பட்டியலை ஒளிக்காமல் பலகையின் பக்கத்திலேயே வையுங்கள். விழுந்த காய்களை எண்ணச் சொல்லுங்கள். வைத்த சொல்லின் நீளத்தைப் பாராட்டாமல், கையில் மிச்சம் வைத்த காய்களைப் பற்றிக் கேளுங்கள். ஆங்கிலம் தயங்கும் பிள்ளையை முதல் ஆளாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவையான எல்லாமே அந்தப் பெட்டிக்குள்ளும் அந்தப் பட்டியலிலும் இருக்கின்றன. எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்று அதனிடம் சொல்லவேண்டியது மட்டும்தான் நம் வேலை.